நிறுவனப் பொறுப்பும் கார்ப்பந்தயமும்: ஒருவரே இரண்டையும் சுமக்க இயலுமா?

கேள்வி: பீளமேட்டு வார்ப்படக்காரன்

அனைவருக்கும் வணக்கம். பம்புசெட் உறைகளை வார்த்துக் கொடுக்கும் ஒரு ஃபவுண்டரியில் பொது மேலாளராக இருக்கிறேன். வயது 39. ஆலையைத் தொடங்கியவர் என் மாமனார். வரவு செலவு, வங்கி, ஆட்கள் என அன்றாட நிர்வாகம் முழுவதையும் கடந்த ஆறு ஆண்டுகளாக நானே கவனித்து வருகிறேன். இரண்டாண்டுகளாக மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தடத்துக்குச் சென்று பயிற்சி எடுக்கிறேன். தடத்தை ஒருமுறை சுற்றி முடிக்க நான் எடுக்கும் லேப் நேரங்களைப் பார்த்த பயிற்சியாளர், அடுத்த பருவத்தில் தொடக்கநிலை ஃபார்முலா வகுப்பில் (ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளுக்கான பிரிவு) போட்டியிடலாம் என்கிறார்.

மாமனாரின் மறுப்பு ஒரே வரியில் முடிந்துவிட்டது. "ஒண்ணு ஃபவுண்டரியப் பாருங்க, இல்லீன்னா காரைப் பாருங்க, மாப்பிள்ளை." அவர் சொல்வதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்துகொண்டே பந்தயத்திலும் ஓட்டியவர்கள் அதை எவ்வாறு நடத்தினார்கள், அது அவர்களுடைய தொழில் வாழ்வுக்குத் துணையாக இருந்ததா, தடையாக இருந்ததா என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: போத்தனூர் லேத்துப் பட்டறை

தம்பி, நீங்கள் வண்டி ஓட்டும் தடம் யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன். 'கரி' என்பது சுந்தரம் கரிவரதன். லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் பிறந்தவர். சென்னைக்கு அருகே சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் பந்தயங்கள் நடந்த காலத்து ஓட்டுநர். ஆனால் அவர் ஓட்டி வென்ற பந்தயங்களுக்காக மட்டும் அவரை இன்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 1988-இல் அவர் கொண்டுவந்த ஃபார்முலா மாருதிதான் அவர் பெயரை நிலைக்கச் செய்தது.

அந்த வண்டியின் அருமை பட்டறைக்காரனுக்குச் சட்டென்று விளங்கும். அதுவரை பந்தய வண்டி வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து பழைய வண்டியை இறக்க வேண்டும், அல்லது சாலை வண்டியைப் பிரித்து மாற்ற வேண்டும். எதுவானாலும் பணம் உள்ளவனுக்கே வெற்றி. அவரோ மாருதி 800-இன் மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிக்குள் பொருத்தினார். உதிரிபாகம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். எல்லோருக்கும் ஒரே வகை வண்டி என்பதால் ஓட்டும் திறனே முடிவைத் தீர்மானிக்கும். 2005-இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநரான நம் கோவை நரேன் கார்த்திகேயன் தம் முதல் பந்தயத்தை ஓட்டியது இந்த ஃபார்முலா மாருதியில்தான். ஒரே அளவில் பல வண்டிகளைச் செய்வது, பாகத்தை மாற்றினால் பொருந்துவது, செலவை எண்ணி அடக்குவது ஆகியவை மில் நடத்துகிறவனின் புத்தி. அந்தப் புத்தியை அவர் தடத்துக்குக் கொண்டுபோனார் என்பது என் கணிப்பு.

1995-இல் விமான விபத்தில் அவர் காலமானார். பின்னர் 2003-இல் எல்.ஜி.பி. நிறுவனத்தின் பி. விஜயகுமார் செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் தடத்தைத் திறந்து அவர் பெயரை வைத்தார். சங்கிலி செய்யும் அந்த நிறுவனத்தின் பெயரில்தான் இன்றும் எல்.ஜி.பி. ஃபார்முலா 4 என்ற வகுப்பு ஓடுகிறது. ஆகவே உங்கள் மாமனார் இதை 'வெட்டி வேலை' என்பாரானால், இந்த ஊரில் அது பட்டறையோடு ஒட்டிப் பிறந்த வேலை என்று பணிவாகச் சொல்லலாம்.

ஓர் இடைக்குறிப்பு: ஆடி மாதத்தில் முதல் பந்தயத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வாரிக்கொண்டு வரும் மண்ணில், வண்டிகள் வழக்கமாக ஓடித் தேய்ந்த பாதையை விட்டு ஒரு முழம் விலகினாலும் டயர் பிடிக்காது.

பதில் 2: சூலூர் கொள்முதல் பிரிவு

மேலே எழுதிய அண்ணாவின் மீது மரியாதை உண்டு. எனினும் அவர் காட்டிய கரிவரதனும் விஜயகுமாரும் முதலாளி வீட்டைச் சேர்ந்தவர்கள். கேட்டவரோ பொறுப்பைப் பெற்றுக்கொண்டு பதில் சொல்ல வேண்டிய மேலாளர். அவர் நிலைக்கு நெருங்கிய உதாரணம் வேறிடத்தில் இருக்கிறது.

டொயோட்டாவின் அகியோ டொயோடா நிறுவனரின் பேரன்தான். ஆயினும் 2007-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் 24 மணிநேரப் பந்தயத்தில் இறங்கியபோது தம் பெயரில் இறங்கவில்லை, 'மொரிசோ' என்ற புனைபெயரில் இறங்கினார். அப்போது அவர் நிறுவனத்தின் உயர்நிலை நிர்வாகி. ஆனால் அந்தப் பந்தய முயற்சிக்கு நிறுவனத்தின் முறையான ஆதரவு இல்லை. அவருக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தவர் டொயோட்டாவின் தலைமைச் சோதனை ஓட்டுநர் ஹிரோமு நருசே. வண்டி ஓட்டத் தெரியாதவர் வண்டியைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது என்பது நருசேயின் நிலைப்பாடு. அதிகாரத்தில் தமக்குப் பல படி கீழே இருந்தவரிடம் மாணவராக அமர ஒரு நிர்வாகி ஒப்புக்கொண்டார் என்பதே இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த பகுதி. 2009-இல் அவர் தலைவரானார். மறு ஆண்டே நருசே நூர்பர்க்ரிங் அருகே சாலை விபத்தில் இறந்தார். அதன் பிறகும் டொயோடா ஓட்டுவதை நிறுத்தவில்லை. 2021-இல் ஹைட்ரஜனை எரிக்கும் எஞ்சின் பொருத்திய கொரோலாவை ஃபுஜி 24 மணிநேரப் பந்தயத்தில் இறக்கியபோது ஓட்டுநர்களில் அவரும் ஒருவர். தலைவரே உள்ளே அமர்ந்து ஓட்டும்போது அந்த வண்டி பாதுகாப்பானதா என்று வாடிக்கையாளர் கேட்பதற்கு அவசியம் குறைந்துவிடுகிறது அல்லவா?

மாறான பாதையும் உண்டு. அமெரிக்கரான ரோஜர் பென்ஸ்கே புகழின் உச்சியில் இருந்தபோதே ஓட்டுவதை விட்டு, பிலடெல்பியாவில் ஷெவர்லே விற்பனை நிலையத்தை நடத்தச் சென்றார். பந்தயத்தை விடவில்லை, ஸ்டியரிங்கை மட்டும் விட்டார். அணி உரிமையாளராக அமெரிக்காவின் புகழ்பெற்ற இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தைப் பலமுறை வென்று, 2020-இல் அந்தத் தடத்தையே வாங்கிவிட்டார். ஃபார்முலா 1 அணியான மெக்லாரனின் ஜாக் பிரவுன் இளமையில் ஐரோப்பாவில் ஓட்டியவர். 1995-இல் பந்தய விளம்பர நிறுவனம் தொடங்கினார். ஓட்டுநராக எட்டாத ஃபார்முலா 1-ஐ நிர்வாகியாக எட்டினார்.

இவர்களுக்குப் பொதுவானது ஒன்றுதான்: ஓட்டுநர், நிர்வாகி என்ற இரண்டில் எது எப்போது முதலிடம் என்பதை அவரவர் காலத்தில் தெளிவாக வைத்துக்கொண்டார்கள். ஃபவுண்டரியில் காய்ச்சிய இரும்பு காத்திருக்காது. பந்தய வாரம் வெள்ளிக்கிழமை பயிற்சியில் தொடங்கி, சனிக்கிழமை தகுதிச் சுற்று, ஞாயிறு பந்தயம் என்று மூன்று நாட்களை விழுங்கும். நம் பட்டறைகளில் வாரச் சம்பளம் சனிக்கிழமை அல்லவா? அன்று நீங்கள் தலைக்கவசத்துக்குள் இருப்பீர்கள்.

பதில் 3: ஈரோட்டுத் தணிக்கையாளர்

உதாரணங்களை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். காகித வேலையை நான் சொல்கிறேன். இதைப் பந்தயத்தில் இறங்கும் ஆண்கள் பெரும்பாலும் கடைசியில்தான் நினைக்கிறார்கள்.

முதலாவது காப்பீடு. சாதாரண வாகனக் காப்பீடு பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது என்று பத்திரத்திலேயே எழுதியிருக்கும். தனிநபர் விபத்துக் காப்பீட்டிலும் மோட்டார் பந்தயம் வழக்கமாக விலக்கப்பட்ட செயல். ஆயுள் காப்பீட்டு விண்ணப்பத்தில் ஆபத்தான பொழுதுபோக்கு உண்டா என்று கேட்டிருப்பார்கள். பாலிசி எடுத்தபோது நீங்கள் 'இல்லை' என்று எழுதியது அன்று உண்மை. புதிதாக எடுக்கும் எதிலும் அப்படி எழுதக் கூடாது. என் உறவினர் ஒருவர் மலைச்சாலை ராலியில் காலை முறித்துக்கொண்டு, விலக்குப் பட்டியலை மருத்துவமனைக் கட்டிலில்தான் முதன்முதலாகப் படித்தார்.

இரண்டாவது வங்கி. நடைமுறை மூலதனக் கடனுக்கு நீங்கள் தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்திருந்தால், உங்கள் உடம்பு உங்களுடையது மட்டுமன்று. நீங்கள் மூன்று மாதம் படுத்தால் காசோலையில் யார் கையெழுத்திடுவார் என்பதற்கு இயக்குநர் குழுவின் தீர்மானம் இப்போதே இருக்க வேண்டும்.

மூன்றாவது செலவு. வண்டியின் பக்கத்தில் ஃபவுண்டரியின் பெயரை ஒட்டிவிட்டு மொத்தச் செலவையும் விளம்பரக் கணக்கில் எழுதலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வணிகத்துக்கென்றே முழுமையாகச் செய்த செலவு என்று நிரூபிக்கும் சுமை உங்களுடையது. பம்பு உறை வாங்கும் நிறுவனம் பந்தயத்தைப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுத்தது என்று நான் எந்த அதிகாரியிடமும் வாதாட மாட்டேன். சொந்தப் பணத்தில் ஓட்டுங்கள்.

கேட்டவரின் மறுமொழி: பீளமேட்டு வார்ப்படக்காரன்

மூவருக்கும் நன்றிங்க. கரிவரதனைப் பற்றி மாமனாரிடம் சொன்னபோது, அவரை நேரில் பார்த்திருப்பதாகச் சொல்லி அரைமணி நேரம் பேசினார். ஆனால் அனுமதி தரவில்லை. ஈரோட்டு அம்மையார் எழுதியதைக் காட்டியபோதுதான் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு, "சனிக்கிழமை சம்பளம் யாருங்க போடறது?" என்று கேட்டார். என் மனைவி வணிகவியல் படித்தவர்; ஆலைக் கணக்கை என்னைவிடத் தெளிவாக அறிந்தவர். அவரை இயக்குநராகச் சேர்த்துக் கையெழுத்து உரிமை அளிக்கும் தீர்மானத்தை இந்த மாதக் கூட்டத்தில் வைக்கிறோம். மருத்துவப் பரிசோதனைக்கும் பந்தய உரிமத்துக்கும் அதன் பிறகே விண்ணப்பிப்பேன். ஆடிக் காற்று ஓயட்டும்.