பெரியப்பா லேப்டாப்பில் பல்லி

*எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில்*

பெரியப்பா: இரண்டு நாளாக லேப்டாப்பில் டக்... டக்... என்று சத்தம். ஒரு ஃபைல் திறப்பதற்குள் காபி குடித்துவிட்டு வந்துவிடலாம். ஃபேனில் தூசியா?

நான்: சத்தம் எங்கிருந்து வருகிறது பெரியப்பா? சூடான காற்று வெளியே வரும் பக்கமா, கை வைக்கும் இடத்துக்கு அடியிலா?

பெரியப்பா: காதை வைத்துப் பார்த்தேன். இடது கைக்கு அடியில். பல்லி கத்துவது போல இருக்கிறது.

அத்தை: எந்தத் திசையில் சொல்கிறது அண்ணா? பலன் பார்க்கலாம்.

நான்: பலனை நான் சொல்கிறேன் அத்தை. ஹார்ட் டிஸ்க் போகப்போகிறது. ஃபேன் என்றால் ஒரே இரைச்சலாக இருக்கும். இது டிஸ்க்கைப் படிக்கும் முனை, அதாவது ஹெட், படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயலும் சத்தம். பெரியப்பா, டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்ட பொங்கலுக்கு நான் போட்டுக்கொடுத்த கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்து பாருங்கள்.

பெரியப்பா: அன்றைக்கு நீலமாக இருந்தது, இப்போது மஞ்சள். சி5 என்ற வரியில் ஏகப்பட்ட பூஜ்யம், கடைசியில் 18. பதினெட்டுதானே, பரவாயில்லையா?

நான்: அது பதினறும எண், பத்துக்குப் பதில் பதினாறு பதினாறாக எண்ணுவது. கணக்கு வாத்தியாருக்கு நான் சொல்ல வேண்டுமா?

பெரியப்பா: 16+8. சரி, 24.

நான்: டிஸ்க்கில் அத்தனை செக்டார்களை, அதாவது சின்னச் சின்னத் துண்டுகளை, படிக்க முடியாமல், அப்புறம் பார்க்கலாம் என்று வைத்திருக்கிறது. அது ஏறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

சித்தப்பா: அண்ணே, செக் டிஸ்க் ஓட்டுங்கள். யூடியூபில் சொன்னார்கள்.

நான்: ஐயோ வேண்டாம் சித்தப்பா! அது டிஸ்க் முழுவதையும் துருவும். சாகக்கிடப்பவரை மலையேறச் சொல்வது போல. ஃபைல்களை இடம் மாற்றி அடுக்கும் டிஃப்ராகும் கூடாது.

அத்தை: ஃப்ரீசரில் கொஞ்ச நேரம் வைத்தால் சரியாகும் என்று பக்கத்து வீட்டுப் பையன் சொல்கிறான்.

நான்: நம் கடலூர்க் காற்றில், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு எப்படி வேர்க்கிறது? டிஸ்க்கும் அப்படித்தான் வேர்க்கும்.

சித்தப்பா: கடையில் கொடுக்காதீர்கள் அண்ணே. போன வருடம் என்னுடையதைக் கேட்காமலே ஃபார்மேட் செய்துவிட்டு, "புதுசு மாதிரி ஆக்கிட்டோம் சார்" என்று சிரித்தார்கள். பாப்பாவின் காதுகுத்துப் படங்கள் மொத்தமும் போய்விட்டன.

நான்: முதலில் காப்பி, அப்புறம்தான் கடை. பெரியப்பா, எது போனால் தாங்க மாட்டீர்கள்?

பெரியப்பா: தானே புயல் படங்கள். 2011 டிசம்பர் 30 காலை அடித்து ஓய்ந்தது. மறுநாள் பண்ருட்டித் தோப்புக்குப் போனோம். தாத்தா வைத்த பலா வேரோடு சாய்ந்து கிடந்தது. வேறு எங்கும் அந்தப் படங்கள் இல்லை.

நான்: அந்த ஃபோல்டர்தான் முதலில். சினிமா, பாட்டெல்லாம் கடைசி. பென்டிரைவில் போடுங்கள். கட் வேண்டாம், காப்பி மட்டும். ஏதாவது சிக்கினால் ஸ்கிப் கொடுங்கள், மல்லுக்கட்டாதீர்கள். லேப்டாப்பை மேஜையை விட்டு நகர்த்தவும் வேண்டாம்.

பெரியப்பா: நாளை காலையில் நிதானமாகச் செய்கிறேன்.

சித்தப்பா: நாளை உங்கள் பக்கம் 9 மணிக்கு மின் நிறுத்தம். உங்கள் பேட்டரி செத்து இரண்டு வருடம் ஆகிறதே!

பெரியப்பா: அதுவும் சரிதான். சாப்பிட்டுவிட்டு உட்காருகிறேன்.

நான்: சாப்பாடு அப்புறம் பெரியப்பா.

*இரவு 10.40*

பெரியப்பா: 212 படங்களில் 209 வந்துவிட்டன. 3 சிக்கின, விட்டுவிட்டேன். சி5 இப்போது 40. அதாவது 64.

நான்: ஒரே ராத்திரியில் 24 எங்கே, 64 எங்கே! ஷட் டவுன் செய்துவிடுங்கள். அந்த மூன்றுக்காக மறுபடி ஆன் செய்யாதீர்கள். சனிக்கிழமை புது டிஸ்க்காக எஸ்எஸ்டி வாங்கி வருகிறேன். பழையதைக் கழற்றி, லினக்ஸில், பழுதான டிஸ்க்கிலிருந்து முடிந்ததை மீட்கும் டிடிரெஸ்க்யூ போட்டுப் பார்ப்போம். வந்தால் வரட்டும்.

அத்தை: பலா மரம் வந்ததா அண்ணா?

பெரியப்பா: வந்தது. பென்டிரைவைப் போனில் செருகிப் பார்த்துவிட்டேன், திறக்கிறது.

அத்தை: இங்கே போடுங்களேன்.

நான்: டாக்குமென்டாக அனுப்புங்கள் பெரியப்பா. போட்டோவாகப் போட்டால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும்.

பெரியப்பா: 📄

அத்தை: அம்மா மரத்தின் மேல் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். இதை நான் பார்த்ததே இல்லையே அண்ணா.