புதுப்பிப்பு: சிகிச்சைக்குப் பிறகும் விடாத அச்சம்

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தும், உடலில் எங்கு வலித்தாலும் நோய் திரும்பிவிட்டதோ என்று நடுங்குவதாக எட்டு மாதங்களுக்கு முன் எழுதியிருந்தேன். அன்று ஆறுதல் சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

கடந்த வாரம் ஆண்டுப் பரிசோதனையாக மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே எடுத்தேன். குளிர்ந்த தட்டு அழுத்தியபோது மூச்சை அடக்கிக்கொண்டுதான் நின்றேன். ஆனால், முடிவுக்காகக் காத்திருந்த மூன்று இரவுகளும் இம்முறை உறங்கினேன். குறையேதும் இல்லை என்று முடிவு வந்தது.

எனக்குக் கைகொடுத்தது மருத்துவர் சொன்ன எளிய அளவுகோல்தான்: புதிய கட்டி தென்பட்டால் உடனே வர வேண்டும், மற்ற வலிகளைக் குறித்துவைத்து, இரண்டு வாரம் கடந்தும் நீடித்தாலோ, அதற்கு முன்பே கூடிக்கொண்டு போனாலோ வர வேண்டும். ஒவ்வொரு முதுகுவலியையும் எலும்புக்குப் பரவிய நோயாகவே எண்ணிக் கலங்கிய நான், இப்போது தேதியிட்டு எழுதிவைக்கிறேன். பெரும்பாலானவை நான்காம் நாளே மறைந்துவிடுகின்றன. நோய் திரும்பாமலிருக்கத் தரப்படும் டமாக்சிஃபென் மாத்திரையை இன்னும் 3 ஆண்டுகள் உட்கொள்ள வேண்டும். அதனால் இரவில் உடல் கொதித்து வியர்க்கிறது. மருந்தின் விளைவு என்று தெரிந்ததால் அதற்கு அஞ்சுவதில்லை.

அடுத்த மாதத்தைக்கூடத் திட்டமிடத் துணியாதிருந்த நான், இரண்டு ஆண்டுப் படிப்பொன்றில் சேர்ந்திருக்கிறேன்.