காது குத்து, பெரம்பூர்

கவிதா: ஞாயித்துக்கிழமை 40 பேர். பாயசத்துக்குப் பதிலா ஜூஸ் ஜெல்லி வைக்கலாம்னு இருக்கேன். திராட்சை ஜூஸ் 1 லிட்டர் பாக்கெட் 2 வாங்கியாச்சு. ஜெலட்டின் எவ்ளோ போடணும்?

சரோஜா பெரியம்மா: பாயசம் இல்லாம காது குத்தா

மீனா சித்தி: ஜெலட்டின் வேணாம் கவி. அது மாடு, பன்னி எலும்பு தோல்ல எடுக்கிறது. அன்னிக்கு கிருத்திகை. ஹால்ல ஏசியும் இல்ல, 35 டிகிரி வெயில்ல ஜெலட்டின் இளகித் தண்ணியாயிடும். கடல்பாசி போடு. 85 டிகிரிக்கு மேல போனாதான் அது உருகும்.

பாபு: எங்க கிடைக்கும்

மீனா சித்தி: நாட்டு மருந்துக் கடை, சூப்பர் மார்க்கெட். சைனா கிராஸ்னு கேளு. 30 கிராம்.

பாபு: (படம்) இதானே?

மீனா சித்தி: அது பாதாம் பிசின்டா. ஊறினா அதுவா உப்பும், ஜூஸை உறைய வைக்காது. கடல்பாசி வெள்ளையா நாடா மாதிரி இருக்கும்.

ரமேஷ் அண்ணன்: பிசின் வாங்கியாச்சுல்ல, ஜிகர்தண்டா போட்டுடலாம்

சரோஜா பெரியம்மா: பாயசம்

மீனா சித்தி: கவி, கவனமாப் படி. 30 கிராம் பாசியைக் கத்தரிச்சு 900 மில்லி தண்ணில அரை மணி ஊறவை. அதே தண்ணியோட சிறு தீயில 10 நிமிஷம் கொதிக்கணும். கரண்டில எடுத்துப் பார்த்தா ஒரு இழைகூடத் தெரியக் கூடாது. 200 கிராம் சர்க்கரை கரைச்சு வடிகட்டு. அடுப்பை அணைச்சப்புறம்தான் ஜூஸ். ஜூஸைக் கொதிக்க விட்டா வாசனை போயிடும், புளிப்புல பாசியும் பலமிழக்கும். பாக்கெட்டை ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து அப்படியே ஊத்திடாதே! 40 டிகிரிக்குக் கீழ போனா பாசி உடனே உறைஞ்சு திரிதிரியாயிடும். ஜூஸை வெதுவெதுப்பாக்கிட்டு ஊத்து.

கவிதா: பாக்கெட்ல ட்ரிங்க்னு போட்டிருக்கு சித்தி

மீனா சித்தி: அதுல பழம் கம்மி, சர்க்கரை ஏற்கெனவே இருக்கும். அப்போ 50 கிராம் போட்டு ருசி பாரு.

சுமதி: 100 சதவீத ஜூஸ்னு போட்டது வாங்கலாமே

மீனா சித்தி: கெட்டியாச் சுண்டவைச்ச பழச்சாறுல தண்ணி கலந்து செய்யற ஜூஸுக்கு அப்படிப் போடக் கூடாதுன்னு 2024 ஜூன்லயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லிடுச்சு. பின்பக்கம் சேர்மானத்தைப் படி. சுமதி, உன் கல்யாணத்துக்கு எடுத்துட்டுப் போன எவர்சில்வர் ட்ரே நாலும் எங்க? இதுக்கு வேணும்.

சுமதி: திருப்பிக் குடுத்துட்டோமே சித்தி

மீனா சித்தி: மூணுதான் வந்துச்சு.

சரோஜா பெரியம்மா: அஞ்சு வருஷம் ஆச்சு மீனா

கவிதா: இளநீர் ஒரு அடுக்கு வைக்கலாமா?

மீனா சித்தி: வைக்கலாம். கீழ் அடுக்கு விரல்ல ஒட்டுற பதத்துல இருக்கும்போதே மேல சூடா ஊத்து. நல்லா ஆறிட்டா ரெண்டும் ஒட்டாது, வெட்டும்போது கழண்டு வரும். காலைல செஞ்சாப் போதும், ஒரு மணி நேரத்துல வெளியிலயே உறையும். பரிமாறும்போது வெட்டு, முன்னாடியே வெட்டினா தண்ணி விடும். ஃப்ரீசர் கூடவே கூடாது, ஸ்பாஞ்சாயிடும்.

பாபு: உறையலைன்னா?

மீனா சித்தி: இன்னொரு 5 கிராம் பாசியைத் தனியாக் கரைச்சு, எல்லாத்தையும் சூடு பண்ணிக் கலந்துக்கலாம். வாசனை கொஞ்சம் குறையும், வீணாகாது.

சரோஜா பெரியம்மா: குழந்தைக்கு ஒரு துண்டு ஊட்டலாம்ல

மீனா சித்தி: வேணவே வேணாம் அக்கா. ஒரு வயசுப் புள்ள, வழுக்கித் தொண்டைல அடைச்சுக்கும்.

சரோஜா பெரியம்மா: அப்போ பாயசம் வேணும்ல

கவிதா: ரெண்டும் வைக்க முடியுமான்னு பார்க்கறேன் பெரியம்மா

ரமேஷ் அண்ணன்: யார் மடியில உட்கார வைக்கிறதுன்னு முடிவாச்சா? நானா பாபுவா

பாபு: 🙄

கவிதா: நேர்ல பேசிக்கலாம்ணே. பாசி யார் வாங்குறீங்க?