13,200 கோடி மார்க்: ஜெர்மனியைக் கவிழ்த்தது எது?

செங்கதிர்:
முதல் உலகப்போர் முடிந்ததும் வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனி தலையில் 13,200 கோடி தங்க மார்க் (தங்க மதிப்பில் கணக்கிட்ட ஜெர்மன் பணம்) இழப்பீட்டைக் கட்டியது. பணவீக்கம், வேலையின்மை, ஹிட்லர் எல்லாம் அதனால் வந்த வினை. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

கணக்குப்பிள்ளை:
நிறைய இருக்கிறது. 1919 ஒப்பந்தத்தில் அந்தத் தொகையே கிடையாது. 1921-ல் லண்டனில் முடிவானது. அந்தக் கடனை ஏ, பி, சி என்று மூன்று வகைப் பத்திரங்களாகப் பிரித்தார்கள். அதிலும் ஏ, பி பத்திரங்கள் சேர்த்து 5,000 கோடிதான் நிஜம். மீதி 8,200 கோடி 'சி' பத்திரம், பிரெஞ்சு வாக்காளருக்குக் காட்ட வைத்த பொம்மை.

செங்கதிர்:
பொம்மையோ பூதமோ, தலையாட்ட வைத்தார்களா இல்லையா? 13,200 கோடி என்றால் 13,200 கோடிதான்.

கணக்குப்பிள்ளை:
5,000. கடைசிவரை கட்டியது சுமார் 2,000 கோடி. இழப்பீட்டைத் தங்கம், அந்நியச் செலாவணி, நிலக்கரி என்றுதான் கொடுக்க வேண்டும். காகித மார்க்கை யாரும் வாங்கவில்லை. 1923-ல் ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதியில், உள்ளே வந்த பிரெஞ்சுப் படையை எதிர்த்து வேலையை நிறுத்தியவர்களுக்குச் சம்பளம் கொடுக்க பெர்லினே நோட்டடித்தது. நவம்பரில் ஒரு டாலர் 4.2 லட்சம் கோடி மார்க். அச்சு இயந்திரம் யாருடையது?

வழிப்போக்கன்:
ரூருக்குள் பிரெஞ்சுப் படை எதற்கு வந்ததாம், சுற்றுலாவா? மரமும் நிலக்கரியும் பாக்கி என்றுதானே! செங்கதிருக்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள்.

கணக்குப்பிள்ளை:
வாருங்கள், இங்கே முன்பு நடந்த மார்ஷல் திட்ட (இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஐரோப்பாவுக்கு வந்த அமெரிக்க உதவி) விவாதத்தில் பாதியில் மறைந்தவரே. 1871-ல் தோற்ற பிரான்ஸ் 500 கோடி பிராங்கை 1873-க்குள் கட்டி முடித்ததே, அங்கே ஏன் நோட்டு குப்பையாகவில்லை?

வழிப்போக்கன்:
மறையவில்லை, அலுத்துப்போனேன். பிரான்ஸ் கடன்பத்திரம் விற்றுக் கட்டியது. உள்ளூரிலும் வெளியிலும் போட்டிபோட்டு வாங்கினார்கள். 1921 ஜெர்மனியை நம்பி யார் கடன் கொடுப்பார்கள்?

கணக்குப்பிள்ளை:
1924-ல் தவணைகளைத் தளர்த்திய டாவ்ஸ் திட்டம் வந்ததும் அமெரிக்கர்கள் கொட்டிக் கொடுத்தார்களே! அந்தப் பணம் ஜெர்மனிக்கு, இழப்பீடாகப் பாரிசுக்கும் லண்டனுக்கும், போர்க்கடனாக மறுபடி அமெரிக்காவுக்கு. 1929-க்கு அப்புறம் வரத்து நின்றது. ஜெர்மன் சான்சலர் புரூனிங் சம்பளத்தை வெட்டினார், வரியை ஏற்றினார். அமெரிக்க அதிபர் ஹூவர் 1931-ல் இழப்பீட்டுத் தவணைகளை நிறுத்திவைத்தார். அதற்கு அடுத்த ஆண்டுதான் வேலையற்றோர் 60 லட்சத்தைத் தொட்டார்கள். தவணையே இல்லாத ஆண்டில்!

செங்கதிர்:
நிறுத்திவைத்தார் என்றால் பாக்கி இருந்தது என்றுதானே பொருள்? எவ்வளவு பாக்கி, சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
டாவ்ஸுக்குப் பின் வந்த 1929 யங் திட்டத்திலேயே இழப்பீட்டைக் குறைத்தாயிற்று. படித்துவிட்டு வாருங்கள்.

செங்கதிர்:
குறைத்தார்களாம்! எதிலிருந்து குறைத்தார்கள்? 13,200 கோடியிலிருந்து.

கணக்குப்பிள்ளை:
5,000.

வழிப்போக்கன்:
மார்ஷல் திட்டத்தில் நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.