பிராட்வேயில் ஒரே ஒரு மாலை: எதைப் பார்க்கலாம்?

வணக்கம். நியூயார்க்கில் எனக்கு ஒரே ஒரு மாலைதான் வாய்த்திருக்கிறது. ஆகவே, பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதுகளுக்கு 2025ஆம் ஆண்டில் தலா 10 பரிந்துரைகளைப் பெற்ற 'மேபி ஹேப்பி எண்டிங்', 'புவேனா விஸ்டா சோஷியல் கிளப்' ஆகிய இரண்டு இசை நாடகங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க உங்கள் உதவியை நாடுகிறேன்.

சியோல் நகரில் கைவிடப்பட்ட இரு ரோபோக்களின் காதலைச் சொல்லும் முதல் நாடகம், புகழ்பெற்ற திரைப்படம் எதையும் சாராமல் சொந்தக் கதையோடு வந்து வென்றதாலேயே, சிறந்த இசை நாடக விருதுக்கு முழுத் தகுதியுடையது என்பது என் உறுதியான கருத்து. ஆயினும், இரண்டாவது நாடகத்தில் மேடையிலேயே கியூப இசையை வாசித்துச் சிறப்பு டோனி விருது பெற்ற இசைக்குழுவை நேரில் கேட்காமல் திரும்பவும் மனமில்லை.

'மேபி ஹேப்பி எண்டிங்' நடைபெறும் பெலாஸ்கோ அரங்கின் மேல்மாடியில் அமர்ந்தவர்கள், மேடையில் சுருங்கி விரியும் சட்டகங்களுக்குள் நிகழும் காட்சிகள் அங்கிருந்து முழுமையாகத் தெரிந்தனவா என்று கூறுங்கள். டைம்ஸ் சதுக்கத்துத் தள்ளுபடி நுழைவுச்சீட்டுச் சாவடியில் எத்தனை மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும் என்பதையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.