ஆஃப் கேஜ் போட்ட ஸ்விஃப்ட்: ஸ்பீட் பிரேக்கர்ல கீச்சு சத்தம், ஸ்க்ரூட்டினில ரிஜெக்ட். கழட்டிடலாமா?

வெள்ளலூர்_ஸ்விஃப்ட்:
வணக்கம்ங்க. 2010 ஸ்விஃப்ட் பெட்ரோல். ஆபீஸுக்கும் இதே வண்டி, மாசம் ஒருக்கா செட்டிபாளையம் கரி ரேஸ் ட்ராக்குக்கும் இதே வண்டி. எட்டு மாசம் முன்னாடி ஒரு பட்டறைல ஆஃப் கேஜ் போட்டேன், வண்டி கவுந்தா கூரை நசுங்காம தாங்கற இரும்புக் கூடு, அதுல பின் பாதி மட்டும். முன் சீட்டுக்குப் பின்னால ஒரு வளையம், அதுல இருந்து வீல் ஆர்ச்சுக்கு ரெண்டு கம்பி. எல்லாம் போல்ட்தான். குறுக்குக் கம்பியில நாலு முனை ஹார்னஸ் (ரேஸ் பெல்ட்). சீட் மட்டும் கம்பெனி சீட்.

இப்ப ஸ்பீட் பிரேக்கர் ஏறினாலே பின்னாடி கீச்சுனு சத்தம். புஷ், டிரிம் எல்லாம் பாத்தாச்சு. போதாததுக்கு, போன மாசம் ஸ்க்ரூட்டினில (ட்ராக்ல இறங்கறதுக்கு முன்னாடி வண்டிய செக் பண்றது) கேஜைத் தட்டிப் பாத்துட்டு வண்டியத் திருப்பி அனுப்பிட்டாங்க. பட்டறைக்காரர் "ஒண்ணும் இல்லாததுக்கு இது மேல்"ங்கறார். அப்படிங்களா?

டீசல்_மண்டை:
கிரீஸ் தடவிப் பாத்தீங்களா ப்ரோ?

பழைய_எஸ்டீம்:
கிரீஸ் எல்லாம் வேண்டாம் தம்பி. பின்னாடி கார்ப்பெட்டைத் தூக்கி, கேஜ் கால் உக்காந்திருக்கற இடத்தப் பாருங்க. அடியில பட்டைத் தகடு இருக்கா, வெறும் வாஷரா? போல்ட்டைச் சுத்திப் பெயிண்ட் விரிஞ்சிருக்கா? குழாய் வெளி விட்டம் எவ்வளவு, தடிமன் எவ்வளவு?

வெள்ளலூர்_ஸ்விஃப்ட்:
பாத்துட்டேங்ணா. வெறும் வாஷர்தான். இடது கால்ல ரெண்டு போல்ட்டைச் சுத்திப் பெயிண்ட் வெடிச்சுத் துரு வந்திருக்கு, தரை லேசாக் குமிழ் மாதிரி எழும்பியிருக்கு. குழாய் 38 மி.மீ., தடிமன் 2 இருக்கும்னாங்க. உள்ள வெல்டிங் கோடு தெரியுது.

பழைய_எஸ்டீம்:
சத்தம் அங்கதான். தகரத்துல போல்ட் ஆடி ஆடி ஓட்டை பெருசாகுது.

எஃப்ஐஏ (உலக மோட்டார் ரேஸ் அமைப்பு) விதி, அப்பெண்டிக்ஸ் ஜே, 253ஆம் பிரிவுப்படி பிரதான வளையம் தையல் (வெல்டிங் கோடு) இல்லாத குழாயா இருக்கணும். 45 மி.மீ. விட்டம்னா 2.5 தடிமன், 50 விட்டம்னா 2. உங்களுது தையல் குழாய், அளவும் பத்தல. வளையத்தோட ஒவ்வொரு காலுக்கும் குறைஞ்சது மூணு எம்8 (8 மி.மீ.) போல்ட், 8.8 கிரேடு வலுவுல. அடியில 3 மி.மீ. தகடு, பரப்பு 120 சதுர செ.மீ. அந்தப் பரப்புதான் சுமையப் பிரிச்சு விடும். இல்லேன்னா கவுந்தா கம்பி தரையக் குத்திக்கிட்டு இறங்கும். நேரா மோதினாலும் ஹார்னஸ் இழுக்கற இழுப்பு முழுக்க அந்த வாஷர் மேலதான்.

எனக்கு அதைவிடப் பயம் உங்க சீட்டு. ஆபீஸ் போகும்போது பின்னாடி ஒரு லாரி இடிக்குதுன்னு வெச்சுக்கங்க. கம்பெனி சீட் சாயும், ஹெல்மெட் இல்லாத மண்டை நேராக் கம்பியில போய் விழும். அந்த வண்டிய டிசைன் பண்ணினவங்க தலை போற வழியில இரும்பு எதுவும் வெக்கலீங்க, நாமதான் வெச்சோம்.

கொண்டை_ஊசி:
கவுந்தா கேஜ்தானே காப்பாத்தும்? ஃபோம் சுத்தினா முடிஞ்சுதே.

பழைய_எஸ்டீம்:
எந்த ஃபோம்? ஏசி பைப்புக்குச் சுத்தற கறுப்பு ஃபோம் விரல்லயே அமுங்கும். எஃப்ஐஏவோட 8857-2001 தரத்துல வர்ற கேஜ் பேடு கல்லு மாதிரி இருக்கும், அதுவும் ஹெல்மெட் போட்ட தலைக்குத்தான். கவுந்தா காப்பாத்தும்ங்கறது சரி. ஆனா சரியான கேஜ், நகராத பக்கெட் சீட் (முதுகு சாயாத ரேஸ் சீட்), ஹார்னஸ், ஹெல்மெட் நாலும் சேர்ந்தாத்தான்.

ஹார்னஸும் நாலு முனை வேண்டாம். தோள் பட்டை இறுகும்போது இடுப்புப் பட்டை வயித்து மேல ஏறி, ஆள் அடியில வழுக்கிடுவாரு. தொடைக்கு நடுவுல வர்ற பட்டையோட ஆறு முனை வாங்குங்க.

ஆர்சி_புக்:
ரோட்டுக்கு இன்னொரு சிக்கல். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. கம்பெனி ஸ்பெசிஃபிகேஷனுக்கு மாறா மாத்தக் கூடாதுன்னு 2019ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. அதே சட்டம் 182ஏ-ல ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரை ஜெயில், ரெண்டும் சேர்த்தும் போடலாம். விபத்தானா இன்ஷூரன்ஸ்காரங்க முதல்ல படம் எடுக்கறது அந்தக் கம்பியத்தான்.

வெள்ளலூர்_ஸ்விஃப்ட்:
அப்ப ட்ராக் டேக்கு (ரேஸ் இல்லாம ட்ராக்ல ஓட்டற நாள்) என்னதான் பண்றதுங்ணா?

பழைய_எஸ்டீம்:
கழட்டிட்டு, ஓட்டைய வெறும் பட்டி போட்டு மூடாம தகடு வெச்சு வெல்டு பண்ணுங்க. கம்பெனி மூணு முனை பெல்ட், நல்ல ஹெல்மெட், புது பிரேக் ஆயில், பேடு, டயர். ட்ராக் டேக்கு அது போதும். ரேஸ்தான் ஆசைன்னா பழைய வண்டி ஒண்ணு தனியாப் புடிச்சு, முழுக் கேஜ் வெல்டு பண்ணி, டிரெய்லர்ல கொண்டு போங்க.

வெள்ளலூர்_ஸ்விஃப்ட்:
ஞாயித்துக்கிழமை கழட்டிட்டேங்ணா. குழாய அறுத்து வெர்னியர் வெச்சுப் பாத்தா தடிமன் 1.6தான். இடது கால்ல ஒரு போல்ட் கையாலயே வந்துருச்சு. சத்தம் சுத்தமா இல்ல. வீட்டுக்காரிக்கு மட்டும் விலை இன்னும் சொல்லல.