ரெண்டு தலை ஆமைக் குட்டி வீடியோ: பார்த்தீங்களா?

பிறை_பையன்:
மலேசியா சபா மாநிலத்து மாபுல் தீவுல 2019 ஜூலைல ரெண்டு தலையோட ஒரு பச்சை ஆமைக் குட்டி பொரிச்சுச்சே, அந்த வீடியோ மறுபடியும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல சுத்துது, சித்தி அவதாரம்ங்கிறாங்க, மாமா கெட்ட சகுனம்ங்கிறாரு, எனக்குப் பாவமாத்தான் இருக்கு. ஏன் இப்படிப் பொறக்குது?

பட்டர்வொர்த்_அக்கா:
தம்பி, ஒரே கரு இரட்டையா பிரிய ஆரம்பிச்சு பாதியிலயே நின்னுட்டா இப்படி ஆகும், சகுனமெல்லாம் ஒன்னுமில்ல. அந்தக் குட்டிக்கு வலது தலை வலது துடுப்பையும் இடது தலை இடது துடுப்பையும் ஆட்டும், அப்படியும் சேர்ந்து நீந்துச்சு! சில நாள்ல செத்துப்போச்சு, அதை யாரும் ஷேர் பண்ண மாட்டாங்க.

பிரிக்ஃபீல்ட்ஸ்_மணி:
எல்லாமே சீக்கிரம் சாகாது அக்கா. அமெரிக்காவுல ஃபிராங்க் அண்ட் லூயினு ரெண்டு முகப் பூனை, 1999ல பொறந்து 2014 வரைக்கும் இருந்துச்சு, கின்னஸ்லயும் வந்துச்சு. குட்டியா இருக்கப்ப ஒரு அம்மா வீட்டுக்குக் கொண்டுபோய் டியூப்ல பால் குடுத்து வளர்த்தாங்க. எனக்குக் கோவம் வர்றது வேற விஷயம், தமிழ்நாட்டுக்குப் போனப்ப கோயில் வாசல்ல திமில் பக்கத்துல குட்டிக் கால் தொங்குற மாட்டுக்கு ஜிகினாத் துணி போர்த்தி, கொளுத்துற வெயில்ல நிக்க வச்சு காசு வாங்கினாங்க, அந்தக் குளம்பை ஆளாளுக்குத் தொட்டுக் கும்பிட மாடு தோலைச் சிலுப்பிக்கிட்டே இருந்துச்சு.

பிறை_பையன்:
நன்றிக்கா, நன்றிண்ணே. அக்கா சொன்னதை அப்படியே குரூப்ல போடுறேன்.